ஐம்பத்து நாலு டிகிரி

விஜயஸ்ரீ வைத்த பெட்டி ஓட ஆரம்பித்ததும் ஆலையில் எல்லோருக்கும் முதலில் உறைத்தது, சத்தம் நின்றுபோனதுதான்.

பதினோரு வருஷமாக ஆற்றங்கரைப் பம்பு ஒரே தொண்டையில் அலறிக்கொண்டிருந்தது. சேரன்மகாதேவி தாண்டி வருகிற பாபநாசம் பஸ்ஸில் தூங்குகிறவர்கள் அந்தச் சத்தத்தில்தான் முழித்துக்கொண்டு இறங்குவார்கள். பலகை ஒட்டுகிற பசை காய்ச்சும் ஆலை அது. பெரிய கொப்பரையில் சரக்கைப் போட்டுச் சூடேற்றினால், ஒரு கட்டத்துக்கு மேல் அது தானாகவே கொதித்து எழும்பும். அந்த நேரத்தில் அடக்காவிட்டால் உள்ளேயே கல்லாக இறுகிவிடும். உளி வைத்து வெட்டி எடுக்க ஒரு வாரம் ஆகும். அடக்குவதற்குத்தான் ஆற்றுத் தண்ணீர். கொப்பரையைச் சுற்றி இன்னொரு இரும்புச் சட்டை. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். பம்பு எப்போதும் முழு வேகம். கொப்பரைக்கு வேண்டிய தண்ணீரைப் பம்பு ஆபரேட்டர் சுடலைக்கண்ணு வால்வைத் திருகி உள்ளே விடுவார். வேண்டாதது பக்கக்குழாய் வழியாகப் போய், சூடான தண்ணீரோடு கலந்து, ஆலைக்குப் பின்னால் உள்ள ஓடையில் விழும். ஓடை அரை மைல் ஓடி ஆற்றில் சேரும்.

1996-ல் விஜயஸ்ரீ அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சென்னையில் ஒரு கருவி கம்பெனியில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருந்த கணேஷ்ராமைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கு வந்தவள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் அப்போதுதான் இந்தப் பக்கம் தலைகாட்டியிருந்தது. "பம்ப எப்பவும் முழு வேகத்துல ஓட்டிட்டு, பாதித் தண்ணிய வெளிய கொட்டுதோம். சூட்டுக்குத் தக்கன பம்பே வேகத்தக் கூட்டிக் குறைச்சா போதுமே" என்று சொல்லி, அவள்தான் திட்டமும் எழுதிக் கொடுத்தாள். சென்னைத் தலைமை அலுவலகம் ஒத்துக்கொண்டது.

கன்ட்ரோலரைச் சுவரில் பொருத்தின அன்று சுடலைக்கண்ணு பக்கத்தில் வந்து நின்றார். உள்ளங்கை முழுவதும் வால்வுச் சக்கரத்தின் காய்ப்பு.

"இந்தப் பெட்டி என்னத்தப் பாக்கும் எம்மா?"

"மூணு விஷயம் பாக்கும் அண்ணாச்சி. சூடு நமக்கு வேண்டிய அளவுலேர்ந்து இப்ப எவ்வளவு தள்ளி நிக்குன்னு பாக்கும். ரொம்ப நேரமா தள்ளியே நிக்குதான்னு கூட்டி வச்சுப் பாக்கும். என்ன வேகத்துல ஏறுதுன்னும் பாக்கும். மூணையும் சேத்துக் கணக்குப் போட்டு, பம்பு இவ்வளவு ஓடட்டும்னு சொல்லும்."

"அடுப்புல பால வச்சிட்டுப் பொம்பளையாளுக பாக்குத மாதிரி."

"அதேதான்."

"இதத்தான எம்மா நானும் பதினோரு வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேன். எனக்குப் பேரு சுடலைக்கண்ணு. இதுக்கு?"

"பி.ஐ.டி."

"நல்ல பேருதான்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அது மூன்று வாரம் அவளைப் படாத பாடு படுத்தியது. முதல் நாள் பம்பு பேய் பிடித்த மாதிரி ஏறி ஏறி இறங்கிற்று. சூடு ஏறினதும் ஓட்டமாக ஓடும். தண்ணீர் போய்ச் சேர்ந்து குளிர்வதற்குள் இன்னும் ஓடும். பிறகு தேவைக்கு மேல் குளிர்ந்துபோய், மூச்சை விட்டுவிட்ட மாதிரி அடங்கும். உடனே சூடு மறுபடியும் கிளம்பும். கூட்டி வைத்துப் பார்க்கிற பங்கை அவள் குறைத்தாள். சென்சார் கொப்பரையிலிருந்து தள்ளி இருக்கிறது என்று கண்டுபிடித்து, குழாயை வெட்டி நெருக்கி வைத்தாள். நோட்டில் எண்களை எழுதி எழுதிப் பார்த்தாள். டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு காலையில் சரக்கு கொதித்து எழும்பியது. பம்பு பைய வேகமெடுத்து, நிதானமாக இறங்கி, ஒரு இடத்தில் நின்றது. தொண்ணூறு டிகிரி. அரை டிகிரி அங்கே இங்கே போகவில்லை. சுடலைக்கண்ணு எட்டிப் பார்த்து, "அடங்கிட்டே!" என்றார். விஜயஸ்ரீக்குக் கண் கலங்கிற்று. அவள் வாழ்க்கையில் அதற்கு முன்னால் ஒரு வேலை அவ்வளவு சுத்தமாக முடிந்ததில்லை.

மின்சாரச் சிக்கனத்துக்காக ஆலைக்கு ஒரு கேடயம் கிடைத்தது. மேலாளர் ஆவுடைநாயகமும் விஜயஸ்ரீயும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற படம் பேப்பரில் வந்தது. கணேஷ்ராம் பத்துப் பிரதி வாங்கினான்.

ஆவுடைநாயகத்துக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நெற்றியில் திருநீறு கலையாது. சட்டையில் சுருக்கம் விழாது. சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். கொப்பரைப் பக்கம் வந்துபோனால் ஒழுங்காகக் கையைக் கழுவி, கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். ஜனவரி கடைசியில் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"பக்கக்குழாய் சும்மா கிடக்குல்லா விஜயா, பாசி அடைச்சிரும். அப்பப்ப திறந்து அலசி விடணும். ஒரு பொத்தான் வச்சுக் குடுங்க. அமுக்கினா பம்பு முழு வேகம் எடுக்கணும், பக்கக்குழாயும் திறக்கணும். ஒரு மணி நேரம் கழிச்சுத் தானா பழையபடிக்கு வந்திரணும்."

"சரி சார். கன்ட்ரோல் ரூம்லயே வச்சிரலாம்."

"வேண்டாம், வாசல்ல வைங்க. ஐயம்பெருமாள் அங்கன சும்மாதான உக்காந்திருக்கான். அவன் அமுக்கட்டும்."

குழாய் அலசுகிற வேலை வாசல் காவலாளிக்கு எதற்கு என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் பேட்டை வருகிறவரைக்கும் யோசித்தாள். பேட்டை தாண்டினதும் ராத்திரிக்கு என்ன சமைப்பது என்ற யோசனை வந்துவிட்டது. மறுநாள் அறுநூறு அடி வயர் இழுத்து, ஐயம்பெருமாள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தானைப் பொருத்திக் கொடுத்தாள்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம். அவள் டிபன் டப்பாவைத் திறக்கிற நேரத்தில் பம்பு திடீரென்று அலறியது. கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று பதறிக்கொண்டு ஓடினாள். கெடவில்லை. பக்கக்குழாய் திறந்திருந்தது. வெளியே எட்டிப் பார்த்தாள். வாசலில் அரசாங்க ஜீப் ஒன்று நின்றது. தண்ணீர் ஓடையில் விழுகிற இடத்தில் மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் குனிந்து தெர்மாமீட்டரை முக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆவுடைநாயகம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி ஏதோ எழுதினார், ஜீப் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்துப் பம்பு தானாக அடங்கிற்று, அவள் செய்து கொடுத்தபடியே.

ஆலைக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்தில் வெளியேறுகிற தண்ணீர் நாற்பது டிகிரியைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. அவள் அதைப் படித்தவள்தான். முன்னால் பம்பு முழு வேகத்தில் ஓடி, பாதித் தண்ணீர் குளிர்ச்சியாகவே வந்து கலந்ததால் அந்தக் கேள்வியே எழவில்லை. இப்போது கொப்பரைக்கு வேண்டிய தண்ணீர் மட்டும்தான் வருகிறது. அத்தனையும் சுடுநீர். இது மூன்று மாதமாக அவளுக்குத் தோன்றாமலே போயிற்றே. அரை டிகிரி பிசகாமல் பார்த்துக்கொண்டவள் குழாயின் மறு நுனியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை மூடி அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

சொல்லாமலே ஒரு மாதம் போயிற்று. ஏப்ரலில் ஒரு காலை, வாசலில் சத்தம் கேட்டது. தலைச்சுமையோடு ஒரு பெண் நின்றுகொண்டு ஐயம்பெருமாளைத் திட்டிக்கொண்டிருந்தாள். பத்தமடை ஆசியா உம்மாள். அவளும் இன்னும் இருபது பெண்களும் பாய் முடைகிறவர்கள். கோரையை வகிர்ந்து கட்டுக் கட்டாக இந்த ஓடையில்தான் ஊறப்போடுவார்கள். ஆலைத் தண்ணீரால் கோடையிலும் வற்றாத ஓடை என்று தேடி வந்த இடம் அது.

"உள்ள விடமாட்டேங்கான் இவன். நீதான் அந்தப் பம்பு எஞ்சினீயரா?"

"ஆமா உம்மா. என்ன விஷயம்?"

ஆசியா உம்மாள் சுமையைக் காலடியில் போட்டாள். பொத்தென்று விழுந்தது. கட்டு அவிழ்ந்து, கோரை என்று சொல்ல முடியாத ஒன்று தரையில் பரவிற்று. சளி மாதிரி நூல் நூலாக இழுத்தது. நாற்றம் ஐயம்பெருமாளை நாலடி பின்னுக்குத் தள்ளியது.

"மோந்து பாரு. ஏழு நாள் ஊறணும் இது. ஊறுனா பச்சப்பிள்ள விரல் மாதிரி ஊதி நிக்கும். இப்ப மூணாம் நாளே கூழாப் போவுது. மார்கழிலேர்ந்து நாலு தடவ போட்டாச்சு, நாலும் போச்சு. என்னத்த விடுதிய தண்ணில?"

"ஒண்ணும் விடல உம்மா. சூடுதான்."

"சூடுதானா!" ஆசியா உம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வா. வந்து பாரு."

விஜயஸ்ரீ போனாள். ஆலைக்குப் பின்னால் இருநூறு கஜம். அந்த வேலைக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. முன்னால் இடுப்பளவு ஓடும் என்றாள் ஆசியா உம்மாள். இரண்டு கரையிலும் சாம்பல் நிறத்தில் ஒரு ஆடை படிந்திருந்தது. அதைக் குச்சியால் கிளறினதும் கீழே கறுப்பாகக் கொப்புளித்து, முட்டை அழுகின மாதிரி ஒரு வாடை எழுந்தது. கல் இடுக்கில் செத்த கெண்டைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஈ மொய்க்கிற சத்தம் ஓடைச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. காலை ஒன்பது மணிக்குத் தண்ணீரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவள் கையை விட்டாள். சுட்டது. வெடுக்கென்று எடுத்தபோது மணிக்கட்டு வரை வழுவழுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினாள், போகவில்லை. புடவையில் துடைத்தாள். புடவையும் நாறியது. அங்கேயே குத்தவைத்து வாந்தி எடுத்தாள்.

ஆசியா உம்மாள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒருதரம் கைய விட்டே. நாங்க நாலு மாசமா இதுக்குள்ள நிக்கோம்" என்றாள். காலைத் தூக்கிக் காட்டினாள். விரல் இடுக்குகள் வெளுத்து வெந்து பிளந்திருந்தன.

அலுவலகத்துக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடைக்குப் போனாள். குழாய் வாயில் ஐம்பத்து நாலு டிகிரி இருந்தது. நேராக ஆவுடைநாயகத்தின் அறைக்குப் போனாள்.

அவர் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஏலக்காய் டப்பியை நீட்டினார். "ஒண்ணு போட்டுக்கோங்க. குமட்டல் நிக்கும்."

"வேண்டாம் சார். குழாய் வாயில ஒரு சென்சார் போட்டு, நாப்பதத் தாண்டினா பம்பு கொஞ்சம் வேகமெடுத்து பக்கக்குழாய் திறக்குத மாதிரி வச்சிரலாம். ஒரு நாள் வேலை. தண்ணிய ஆற வச்சு விடுததுக்கு ஒரு தொட்டி கட்டிட்டா இன்னும் நல்லது."

"கரண்டு?"

"இப்ப மிச்சம் பிடிக்கதுல பாதி போயிரும்."

"கேடயத்தத் திருப்பிக் குடுத்திருவோமா அப்ப?" என்று சிரித்தார். "விஜயா, அதிகாரி அளக்கும்போது நாப்பதுக்குள்ள இருக்கணும். அதான சட்டம்? இருக்குல்லா? தண்ணி குழாயத் தாண்டினப்புறம் அது ஓடைத் தண்ணி, நம்ம தண்ணி இல்ல. கோரைய வேற எங்கயாவது ஊறப்போடச் சொல்லுங்க, ஆறு அவ்வளவு நீளம் கிடக்கு. அப்புறம் இன்னொண்ணு. அந்தப் பொத்தான வச்சது நீங்க. பேப்பர்ல வந்ததும் உங்க படம்."

மிரட்டுகிற குரலே இல்லை. பிள்ளைக்குப் புத்தி சொல்கிற மாதிரி சொன்னார். அவர் விரல் நகங்கள் கழுவி வைத்த சோழி மாதிரி பளபளத்தன. அவளுக்கு ஓடையில் நின்றதைவிட அந்த அறையில் நிற்பது கூசியது. கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைக்கு அடியில் அந்த நாற்றம் அப்படியே இருந்தது.

அன்று மத்தியானம் வாசலுக்குப் போகிற வயரைப் பெட்டிக்குள்ளேயே கழற்றி, நுனியில் டேப் சுற்றி விட்டாள். அடுத்த வாரம், ஆசியா உம்மாளும் பெண்களும் திங்கட்கிழமை கலெக்டரைப் பார்த்து மனுக் கொடுத்திருப்பதாகச் சுடலைக்கண்ணு சொன்னார். கட்டாயம் ஜீப் வரும். வரட்டும், வந்து அளந்துகொள்ளட்டும் என்று விஜயஸ்ரீ காத்திருந்தாள்.

மே எட்டாம் தேதி ஜீப் வந்தது. ஐயம்பெருமாள் பொத்தானை அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான். பம்பு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அதே அதிகாரிதான். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான ஆள். பூட்ஸைச் சகதியில் வைத்துப் பார்த்துப் பார்த்து இறங்கினார். எதிர்க்கரையில் ஆசியா உம்மாளும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். விஜயஸ்ரீ குழாய்ப் பக்கத்தில் நின்றாள்.

அதிகாரி தெர்மாமீட்டரை முக்கினார், எடுத்துப் பார்த்தார். மறுபடி முக்கினார்.

"ஐம்பத்து நாலு" என்றார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, திகைப்பும் இல்லை. எதிர்பார்த்த பஸ் வரவில்லை என்கிற மாதிரி ஒரு சலிப்பு. ஆவுடைநாயகத்தைப் பார்த்தார். ஆவுடைநாயகம் விஜயஸ்ரீயைப் பார்த்தார்.

"மெஷின்ல ஏதோ சின்னக் கோளாறு போலிருக்கே சார்" என்றார் அதிகாரி. "வெயில் வேற. ஒரு டீ சாப்பிட்டு வந்து பாப்போமா?"

எதிர்க்கரையிலிருந்து ஆசியா உம்மாள் கேட்டாள்: "நீங்க டீ குடிச்சிட்டு வந்தா தண்ணி ஆறிருமா ஐயா?"

அதிகாரியும் ஆவுடைநாயகமும் குடைக்குள் பேசிக்கொண்டே போனார்கள்.

விஜயஸ்ரீ கன்ட்ரோல் அறைக்கு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் போன் வந்துவிட்டது. சுடலைக்கண்ணு ரிசீவரை வைத்துவிட்டுப் பெட்டி முன்னால் நின்றார்.

"அண்ணாச்சி, வேண்டாம்."

அவர் திரும்பவில்லை. பெட்டியைத் தானியங்கியிலிருந்து கை ஓட்டத்துக்கு மாற்றுகிற விசையை அமுக்கினார். வேகத்தைக் கடைசி எல்லையான ஐம்பது வரைக்கும் ஏற்றினார். பிறகு போய்ப் பக்கக்குழாய் வால்வைக் கையால் திறந்தார். அந்த விசையை எந்த விரலால் எவ்வளவு நேரம் அமுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். திரும்பி வந்தவர் விரலைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நாற்பது நிமிஷம் கழித்து அதிகாரி மறுபடி முக்கினார். முப்பத்தாறு. தாளில் எழுதி, "நீங்கதான சிஸ்டம் பொறுப்பு? ஆலை சார்பா ஒரு கையெழுத்து" என்று விஜயஸ்ரீயிடம் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

அவள் வாங்கினாள். முப்பத்தாறுக்குப் பக்கத்தில், 'காலை 10.40-க்கு 54 டிகிரி. பம்பை முழு வேகத்தில் ஓட்டியபின் 11.20-க்கு 36 டிகிரி' என்று தெளிவாக எழுதி, கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி வாசித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, முப்பத்தாறு என்று மட்டும் எழுதி ஆவுடைநாயகத்திடம் கொடுத்தார். அவர் கையெழுத்துப் போட்டார். தெர்மாமீட்டரில் சாம்பல் ஆடை வழுவழுவென்று ஒட்டியிருந்தது. விஜயஸ்ரீ எழுதின தாளை அதிகாரி நாலாக மடித்து, அதை வைத்துத் தெர்மாமீட்டரை நுனிவரைக்கும் துடைத்தார். துடைத்து ஓடையில் போட்டார். தாள் கொஞ்ச தூரம் மிதந்து, ஒரு செத்த மீனில் இடித்து நின்றது.

"வாறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்க்கரைப் பெண்கள் கலைந்தார்கள். ஆசியா உம்மாள் மட்டும் காறித் துப்பிவிட்டு நடந்தாள். அது யாரைப் பார்த்து என்று விஜயஸ்ரீக்குத் தெரியவில்லை. தன்மேல் விழுந்ததாகவே எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டாள். ஸ்டோரில் கிடந்த ஒரு சென்சாரைக் கொண்டுபோய்க் குழாய் வாயில் பொருத்தினாள். கன்ட்ரோலரில் இரண்டாவதாக ஒரு கணக்கு வைக்க இடம் இருந்தது. வெளித் தண்ணீர் நாற்பதைத் தொட்டால், கொப்பரை என்ன கேட்டாலும் சரி, பம்பு வேகமெடுக்கும், பக்கக்குழாய் திறக்கும். தண்ணீர் ஆறும்வரை இறங்காது. வாசல் பொத்தானின் கணக்கைத் துடைத்தெடுத்தாள். கை ஓட்ட விசையையும் செத்த விசையாக்கினாள். ஆபத்தென்றால் பம்பை நேரே மின்சாரத்தில் போடுகிற பழைய ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் தொடவில்லை. கடைசியாக அத்தனையையும் நாலு இலக்கப் பூட்டெண் போட்டுப் பூட்டினாள்.

மறுநாள் காலையில் ஆவுடைநாயகத்திடம் போய்ச் சொன்னாள். "கொப்பரைச் சூட்டை மாத்தணும்னா எப்ப வேணும்னாலும் சொல்லுங்க சார், நானே மாத்தித் தாரேன். அந்த நாப்பதுல மட்டும் கை வைக்க விடமாட்டேன்."

அவர் ஏலக்காய் டப்பியை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "நாளையிலேர்ந்து நீங்க வரவேண்டாம் விஜயா. வெயில்ல அலையுதீங்க, உடம்பப் பாத்துக்கோங்க" என்றார்.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். கணேஷ்ராம் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"தலைமை அலுவலகத்துல கரண்டு பில் ஏன் ஏறுச்சுன்னு கேக்கான். புதுப் பசை ஒண்ணு காய்ச்சச் சொல்லுதான், அதுக்கு எம்பத்து நாலுல நிக்கணும். பெட்டியத் தொட முடியல. ஒரு நாலு நம்பர், அவ்வளவுதான் சார். உங்க வீட்டம்மாட்ட நீங்க சொல்லுங்க" என்று கணேஷ்ராமிடம் சொன்னார்.

"எம்பத்து நாலு நானே வந்து வச்சுத் தாரேன்" என்றாள் விஜயஸ்ரீ. "இன்னைக்கே வாறேன். நாப்பது இருந்தபடிக்கு இருக்கும்."

"அது வேண்டாமே."

"அப்ப நம்பரும் வேண்டாம்."

ஆவுடைநாயகம் எழுந்தார். கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவர் எதையும் தொட்டிருக்கவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர்கூட. இருந்தும் துடைத்தார்.

அவர் போனதும் கணேஷ்ராம், "அந்த ஆளு எவ்வளவு மரியாதையா வந்து கேக்காரு. ஒரு நம்பர்தான? உனக்கு அங்க வேலையும் இல்ல, உத்தியோகமும் இல்ல. என்னத்துக்கு இந்த வீம்பு?" என்றான். பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து, வேட்டி நுனியில் தேய்த்து, கடித்தான்.

விஜயஸ்ரீ அவன் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவன்தான், ஒரு கெடுதல் அறியாதவன். அவன் கடைவாயில் சாறு வழிந்தது. பையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். ஒரு வாரம் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஜூன் கடைசியில் சுடலைக்கண்ணு வந்தார். வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க அண்ணாச்சி" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வந்தார்.

"உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன் எம்மா. பெட்டியக் கழட்டி ஸ்டோர்ல போட்டுட்டாக. பெங்களூர்லேர்ந்து ஆள் கூப்பிட்டாக. அவன் வர மூணு மாசமாகும்னுட்டான். அதுவரைக்கும் பம்ப நேரே ஸ்டார்ட்டர்ல போட்டாச்சு. முழு வேகம், பழைய வால்வு, பழைய நான். ஓடையில தண்ணி இடுப்புக்கு நிக்கு. உம்மாளும் போன வாரம் கோரைக் கட்டு இறக்கிட்டா."

"கேடயம்?"

"அது சுவத்துலதான் தொங்குது. தினமும் துடைக்காரு."

விஜயஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடையில் தண்ணீர் ஓடுகிறது, அது நல்லதுதான். யாருக்கும் வெட்கம் வந்து ஓடவில்லை. பூட்டெண் தெரியாததால் ஓடுகிறது. ஆள் வந்து திறந்துவிட்டால் மறுபடியும் நிற்கும். அவள் மூன்று வாரம் கண்ணில் வைத்துச் சரிபண்ணின வேலை ஸ்டோரில் தூசி படிந்து கிடக்கிறது. அது அங்கேயே கிடப்பதுதான் ஊருக்கு நல்லது.

காப்பி கொண்டுவந்து வைத்தாள். சுடலைக்கண்ணு டம்ளரைக் கையில் எடுக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க வேண்டாம்னியளே. நான் அமுக்குனேன். அதுலேர்ந்து சோத்துல கைய வைக்கும்போதெல்லாம் அந்த விரலுதான் முன்னால நிக்கு. எம்மேல உங்களுக்கு அருவருப்பா இருக்கா எம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இருக்கு அண்ணாச்சி" என்றாள். "அறுநூறு அடி வயர நான் இழுக்கும்போது எதுக்குன்னு கேட்டேனா? எம்மேல அதவிட இருக்கு. காப்பி ஆறுது, குடிங்க."

அவர் தலையை ஆட்டினார். டம்ளரை எடுத்து, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். அவர் உடனே எழுந்து போகவில்லை, அவளும் போகச் சொல்லவில்லை.